கரைக்கு இடும் மணல்

மணலைக் கயிறாகத் திரித்தல் என்பது இயலாத செயலுக்கு நம்மவர் கூறும் உவமை. கடலில் கரைத்த பெருங்காயம் என்பது வீணான முயற்சிக்குக் கூறுவது. அலை அரித்துச் சென்ற கரையில் மீண்டும் மணலைக் கொண்டுவந்து கொட்டி ஊரைக் காக்கலாம் என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் மனத்தில் இவ்விரண்டு உவமைகளும் ஒருங்கே எழுவது இயல்புதான். அவ்வாறு எண்ணுவோரை நான் குறை கூறமாட்டேன். ஆயினும் உலகில் பல நாடுகள் இவ்வேலைக்கென்றே ஆண்டுதோறும் பெரும்பொருளை ஒதுக்கி வைக்கின்றன. காசை எண்ணிச் செலவிடுவதில் பெயர்பெற்ற ஒல்லாந்தர் அவற்றுள் முன்வரிசையில் நிற்கின்றனர். அவர்கள் செய்வது யாது, எதற்காகச் செய்கின்றனர், நம் சோழமண்டலக் கரைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பவற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் கடற்கரை மணலின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். கரையில் கிடக்கும் மணல் ஓரிடத்தில் நிலையாகக் கிடப்பதன்று. அது ஓயாமல் பயணம் செய்துகொண்டே இருக்கிறது. அலை, கரையை நேருக்கு நேராக மோதுவது அரிது. சற்றுச் சாய்ந்தே வந்து மோதும். சாய்ந்து ஏறும் நீர் மணலையும் சாய்வாகவே மேலே தள்ளும். திரும்பும்போதோ அந்நீர் சரிவின் வழியே நேராக இறங்கிவிடும். ஆகவே ஒவ்வோர் அலைக்கும் ஒரு மணற்பொடி சிறிது தொலைவு பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. ஒரு நாளில் கரைக்கு வரும் அலைகள் ஏறத்தாழப் பதினாயிரம் என்று கொண்டால், இந்தச் சிறு நகர்வு எவ்வளவு பெரிய ஊர்வலமாகிறது என்பது விளங்கும்.

நம் கிழக்குக் கரையில் இவ்வூர்வலத்துக்கு இரண்டு பருவங்கள் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே செல்கிறது. வடகிழக்குப் பருவம் பிறந்ததும் திசை மாறி வடக்கிலிருந்து தெற்கே திரும்புகிறது. வடக்கே செல்லும் மாதங்கள் மிகுதி. தெற்கே திரும்பும் மாதங்கள் குறைவு. போனதில் வந்ததைக் கழித்துப் பார்த்தால் ஆண்டுதோறும் சில இலட்சம் கன மீட்டர் மணல் வடதிசை நோக்கிச் சென்றுகொண்டிருப்பது தெரியும். ஒரு லாரியில் பத்துக் கன மீட்டர் ஏற்றலாம் எனின், ஓர் இலட்சம் கன மீட்டர் என்பது பதினாயிரம் லாரிச் சுமை. அத்தனை சுமையை ஓசையின்றி, கூலியின்றி, கடல் தானே சுமந்து செல்கிறது. கரையோர மீனவர் இதனைப் பன்னெடுங்காலமாக அறிவர். வன்னி வெள்ளம், தெண்டி வெள்ளம் என்று நீரோட்டங்களுக்குப் பெயரிட்டு, அன்றன்று ஓடும் வெள்ளத்தைப் பார்த்தே அவர்கள் வலை விடுகின்றனர். பொறியாளர் நூலில் கற்பதை அவர்கள் நீரில் கற்றவர்கள்.

இந்த ஊர்வலத்திலிருந்து விலகிச் சிறிது காலம் ஓய்வெடுக்கும் மணலே கரையோர மணல்மேடு. உலர்ந்த மணலைக் காற்று நிலத்தை நோக்கி வீசுகிறது. வழியில் ஒரு செடியோ, கொடியோ, கரை ஒதுங்கிய கட்டையோ இருந்தால் அதன் மறைவில் மணல் தங்குகிறது. வெறுங்கட்டையாயின் மணல் அதனை மூடியதும் மேடு வளர்வது நின்றுவிடும். செடியாயின் நிலைமை வேறு. நம் கரையில் படரும் அடம்பங்கொடியும், இராவணன் மீசை என்னும் முள்நிறைந்த புல்லும் மணல் தம்மை மூட மூட அதன்மேலே தலை நீட்டுவன. கணுவுக்குக் கணு வேர்விட்டு, அடைந்த மணலை இறுகப் பற்றிக்கொண்டு, மேலும் மணலைச் சேர்ப்பன. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தைப் பாடும்போதெல்லாம் அடும்பை மறவாமல் பாடியதற்கு அதன் செந்நீலப் பூவின் அழகு காரணமாயிருக்கலாம். கடற்கரைப் பொறியியலுக்கு அதன் வேரே பெரிது. இராவணன் மீசையின் உருண்ட விதைக்கொத்து காற்றில் உருண்டோட, சிறுவர்கள் அதைத் துரத்தி விளையாடுவதைக் கரையோர ஊர்களில் பிறந்தவர்கள் அறிவார்கள். மேட்டைக் கட்டும் அந்தப் புல் தன் இனத்தைப் பரப்பும் முறை அதுவே.

இம்மேட்டின் பயன் யாது? புயல் வரும் நாளில் கடல்மட்டம் உயர்ந்து, அலை மேட்டின் அடிவாரத்தைத் தொடுகிறது. மேட்டின் முகத்தை வெட்டி மணலைக் கடலுக்குள் இழுத்துச் செல்கிறது. பார்ப்பவர்க்கு அது பேரழிவாகத் தோன்றும். உள்ளே சென்ற மணலோ கரைக்குச் சற்றுத் தொலைவில் நீருக்கடியில் ஒரு திட்டாகப் படிகிறது. அடுத்து வரும் அலைகள் அத்திட்டின்மேல் தட்டி உடைந்து, வலுவிழந்த பின்னரே கரையை அடைகின்றன. கடல் அமைதியான மாதங்களில் சிற்றலைகள் அதே மணலைச் சிறிது சிறிதாகக் கரைக்குத் திருப்பித் தருகின்றன; காற்று அதனை எடுத்து மீண்டும் மேட்டில் சேர்க்கிறது. நல்ல விளைச்சலில் நெல்லைக் குதிரில் சேர்த்துப் பஞ்சத்தில் எடுத்து உண்ணும் குடும்பத்தின் நடைமுறையை இது ஒத்தது. குதிரை இடித்துவிட்டால் பஞ்சத்தில் என் செய்வது?

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிய பின்னர் ஆய்ந்தோர், மணல்மேடு உயர்ந்து உடையாமல் நின்ற இடங்களில் நீர் உட்புகுந்தது குறைவு என்பதையும், மேடு தாழ்ந்திருந்த அல்லது வெட்டப்பட்டிருந்த இடைவெளிகளின் வழியாகவே வெள்ளம் பாய்ந்து சென்றது என்பதையும் கண்டனர். மேட்டினால் வேறொரு நன்மையும் உண்டு. மழைநீர் அதனுள் இறங்கி, உப்புநீரின்மேல் மிதந்து, நன்னீராகத் தங்குகிறது. அலைவாய்க்குக் கூப்பிடு தூரத்தில் கையால் தோண்டிய ஊற்றிலே தித்திக்கும் நீர் சுரப்பது இதனாலேதான். மேடு போனால் கிணறும் உப்புக் கரிக்கும்.

இனி, இந்த ஊர்வலத்தை மறித்தால் நேர்வது என்ன என்பதைக் காண்போம். அதற்கு உலகத்தார் எடுத்துக்காட்டும் இடங்களுள் நம் சென்னை ஒன்று. சென்னையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் நடுக்கடலில் நிற்க, மசூலாப் படகுகளில் ஆளும் சரக்கும் அலையைக் கடந்து கரை சேர்ந்த காலம் நெடியது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, கடலுக்குள் நீண்ட இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டத் தொடங்கினர். 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றின் பெரும்பகுதியை வீழ்த்தியது, மீண்டும் கட்டினர். புயலைக் காட்டிலும் பொறுமையான எதிரி மணல். வடக்கே சென்றுகொண்டிருந்த மணல் தென்சுவரில் முட்டி நின்றது. கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாயில் தூர்ந்துபோகும் அச்சம் எழவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் வாயிலை வடகிழக்குப் பக்கமாகத் திருப்பி அமைத்தனர்.

முட்டி நின்ற மணல் தெற்கே சேர்ந்துகொண்டே போயிற்று. ஒருகாலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் கிழக்கு மதிலுக்கு அருகே அலை புரண்டது. இன்று இடையே அகன்ற சாலையும் நிலமும் கிடக்கின்றன. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கடலோரத்தில் எழுப்பிய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்குவது, கடலிலிருந்து நெடுந்தொலைவு விலகி நிற்கிறது. மெரினாவின் பெருமணற்பரப்பில் மாலைக் காற்று வாங்கும் நாம், அந்தப் பரப்பின் பெரும்பகுதியைத் துறைமுகச் சுவர் தேக்கித் தந்தது என்பதை நினைப்பதில்லை. தெற்கே தேங்கிய மணல் வடக்கே போய்ச் சேரவேண்டிய மணல் அன்றோ! வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரையில் கடல் ஆண்டுதோறும் நிலத்தைத் தின்றது. நூற்றாண்டில் அங்கே பறிபோனது சில நூறு மீட்டர் அகலம். தெருக்களும் வீடுகளும் மீனவர் குப்பங்களும் அதனுள் அடங்கும். தென்சென்னைக்குக் கிடைத்த பூங்காவுக்கு வடசென்னை விலை கொடுத்தது என்றே நான் கருதுகிறேன்.

இந்தப் பாடம் நூறாண்டாகக் கண்முன்னே இருந்தும் புதுச்சேரியில் அதே கதை நிகழ்ந்தது. அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக இரண்டு சுவர்களைக் கடலுக்குள் நீட்டினர். தெற்கே தேங்கும் மணலைக் குழாய் வழியே வடபுறத்துக்குக் கடத்த வேண்டும் என்பதும் திட்டத்தில் சொல்லப்பட்டிருந்தது. கடத்தும் வேலை மட்டும் ஒழுங்காக நடைபெறவில்லை. சில ஆண்டுகளிலேயே நகரத்தின் முன்னிருந்த மணற்கரை மறைந்தது. கடற்கரைச் சாலையைக் காக்கக் கருங்கற்களைக் குவித்தனர். நான் அச்சாலையில் நடந்த நாட்களில் காந்தியடிகள் சிலையருகே கேட்டது கல்லில் மோதும் அலையோசைதான். கால் வைக்க ஒரு முழ மணல் இல்லை. கற்குவியல் சாலையைக் காத்தது உண்மை. அதற்கு வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று அரிப்பு நடந்துசென்றது. அங்கும் கல், அதற்கு வடக்கே மேலும் அரிப்பு. மாநில எல்லையைக் கடல் மதிக்கவில்லை. தமிழ்நாட்டுப் பகுதியிலுள்ள தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் ஆகிய ஊர்களின் வீட்டு வாசலுக்கே அது வந்துவிட்டது.

கற்சுவரால் விளையும் இடர் இதுதான். மேடும் மணற்கரையும் அலையின் விசையைச் சரிவில் உள்வாங்கிக்கொள்வன. செங்குத்தான கல் அதனைத் திருப்பி எறிகிறது. திரும்பும் நீர் சுவரின் காலடியைப் பறித்து ஆழமாக்குகிறது. ஆழமானால் பெரிய அலை உடையாமலேயே கிட்ட வரும். அதற்கு இன்னும் பெரிய கல் வேண்டும். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கற்கோடுகளை, நம் மக்கள் அழகாகத் தூண்டில் வளைவு என்கின்றனர். அவை தம் தென்புறத்தில் சிறிது மணலைப் பிடித்துத் தருவது மெய்யே. பிடித்த அளவு அடுத்த ஊருக்குக் குறைகிறது. தூண்டில் வளைவு கேட்டுப் போராடும் ஊரைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. வடக்கே இருக்கும் ஊரும் மறு ஆண்டே அதைக் கேட்கப் போகிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மீனவருக்கு மணற்கரை என்பது காட்சிப்பொருள் அன்று. அது அவர்களின் துறைமுகம். கட்டுமரத்தையும், இன்று அதன் இடத்தைப் பிடித்துவிட்ட ஃபைபர் படகையும் ஏற்றி வைப்பது மணலில். வலை காய்வதும் பழுது பார்ப்பதும் மணலில். கருவாடு உலர்வது அங்கே. மீன் ஏலம் நடப்பதும் அங்கே. கரைவலை இழுக்கும் இருபது முப்பது பேர் நிரை நிரையாய் நின்று பின்னோக்கி நடக்கக் கரை அகலம் வேண்டும். பாறைக்குவியலின்மேல் நின்று கரைவலை இழுப்பது எவ்வாறு? வீடு தப்பியது, தொழில் போயிற்று என்ற நிலையைக் கற்சுவர் பல குப்பங்களில் உண்டாக்கியிருக்கிறது. கரைக்கு மணல் ஊட்டும் முறையை நான் சற்று வற்புறுத்திப் பேசுவதற்கு இதுவே முதற்காரணம்.

மணல் ஊட்டுதல் எனின், குறைந்த மணலை வேறிடத்திலிருந்து எடுத்துவந்து கரையில் சேர்த்தல். இதில் முதற்கேள்வி அளவு. கண்ணுக்குத் தெரியும் கரையை மட்டும் நிரப்பினால் போதாது. அலை தொட்டு அசைக்கும் நீரடித் தரையையும் சேர்த்தே நிரப்ப வேண்டும். கரையின் உயரம் நீர்மட்டத்துக்குமேல் இரண்டு மீட்டர், அலை அசைக்கும் ஆழம் எட்டு மீட்டர் என்று கொண்டால், கரையை ஒரு மீட்டர் அகலப்படுத்த, நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் பத்துக் கன மீட்டர் வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளக் கரையை முப்பது மீட்டர் அகலப்படுத்த மூன்று இலட்சம் கன மீட்டர், அஃதாவது முப்பதாயிரம் லாரிச் சுமை. ஊர்ப் பஞ்சாயத்து பத்து இருபது லாரி மணல் கொட்டிப் பார்த்துப் பயனில்லை என்று கைவிடுவது ஏன் என்பது இக்கணக்கினால் விளங்கும்.

மற்றொரு செய்தியையும் இங்கே சொல்லவேண்டும். மணலைக் கரையின்மேல் இட்ட முதல் ஆண்டில் அதன் அகலம் விரைவாகக் குறையும். இட்டதில் பாதி கடலில் போயிற்று என்று கூக்குரல் எழும். செய்தித்தாள்களில் கண்டனமும் வரும். அந்த மணலின் பெரும்பகுதி தொலைந்துவிடவில்லை. அலை அதனை நீருக்கடியில் இழுத்துத் தனக்கேற்ற சரிவில் பரப்பிக்கொள்கிறது. அவ்வாறு பரந்த மணலே முன்னால் நின்று அலையை உடைப்பது. இதனை அறிந்த நாடுகளில் இப்போது மணலைக் கரையில் கொட்டாமல், கரைக்கு முன்னே ஆழங்குறைந்த நீரிலேயே இட்டுவிடுவதும் உண்டு, செலவும் குறைவு.

அடுத்தது மணலின் தரம். இடும் மணலின் பொடி அவ்விடத்து இயற்கை மணலின் பருமையை ஒத்திருக்க வேண்டும். சற்றுப் பருமனாயினும் குற்றமில்லை. அதைவிட நுண்ணியதாயின் அலை அதனை விரைவில் ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். துறைமுகத்தின் அடியிலிருந்து வாரும் கரிய சேறு இதற்கு உதவாது; அது நீரைக் கலக்கி மீன்களுக்குத் தீங்கு செய்யும். முகத்துவாரத்திலும் தென்சுவரை அடுத்தும் தேங்கியிருக்கும் மணலோ வடக்கே சென்றிருக்கவேண்டிய அதே மணலாதலால் மிகப் பொருத்தமானது. கடலிலிருந்து எடுப்பதாயின் கரைக்கு அணித்தே எடுக்கலாகாது. கரையின் காலடியைத் தோண்டிக் கரையின் தலையில் இடுவது, வேட்டியைக் கிழித்து மேல்துண்டு செய்வது போலாகும்.

எடுக்கும் கருவி, தூர்வாரும் கப்பல். அதன் பக்கத்தில் தொங்கும் பெருங்குழாய், கடலடியில் உழுதுகொண்டே மணலையும் நீரையும் உறிஞ்சும். நீர் வழிந்தோட மணல் கப்பலின் வயிற்றில் தங்கும். நிறைந்ததும் கரையருகே வந்து, குழாய் வழியே கரைக்குத் தள்ளலாம். வானவில் போல வளைவாகக் காற்றில் பீய்ச்சலாம். அல்லது அடிக்கதவைத் திறந்து நீரிலேயே விட்டுவிடலாம். நியூயார்க்கை அடுத்த கோனித் தீவில் 1922-23இல் நடந்த வேலை இவ்வகையில் முன்னோடியானவற்றுள் ஒன்று. கரையையே பெரிதும் நம்பி வாழும் மயாமி நகரில் 1976 முதல் 1981 வரையில் ஏறத்தாழப் பத்து மைல் நீளக் கரையை இவ்வாறு புதுப்பித்தனர்.

இதனை ஒரு நாட்டின் கொள்கையாகவே வைத்துக்கொண்டவர் ஒல்லாந்தர். நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கோட்டை கட்டி வாணிகம் செய்த அதே ஒல்லாந்தர்தாம். அவர்கள் நாட்டில் பெருநிலப்பரப்பு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கடலுக்கும் அதற்கும் நடுவில் பெரும்பாலான நீளத்துக்கு நிற்கும் அரண், மணல்மேட்டு வரிசையே. ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் 1853 முதல் குடித்துவருவதும் அம்மேடுகளில் வடிந்த நீரே. 1953 ஜனவரி 31 இரவு எழுந்த புயல்வெள்ளம் தென்மேற்குப் பகுதியின் அணைகளை உடைத்து 1,836 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன்பின் அவர்கள் கடலை அளப்பதைச் சமயக்கடன் போலச் செய்துவருகின்றனர். 1965 முதல் ஆண்டுதோறும் கரை முழுவதையும் குறித்த இடங்களில் அளந்து பதிகின்றனர். 1990இல், அவ்வாண்டு கரை எங்கே இருந்ததோ அதற்குப் பின்னே கடலை விடுவதில்லை என்று அரசு முடிவு செய்தது. முடிவை நிறைவேற்றும் கருவியாக மணலையே தேர்ந்தனர். முதலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 இலட்சம் கன மீட்டர். 2001 முதல் 1 கோடியே 20 இலட்சம் கன மீட்டர். எடுப்பதெல்லாம் 20 மீட்டர் ஆழத்துக்கு அப்பாலுள்ள கடலடியிலிருந்து.

2011இல் அவர்கள் இன்னும் துணிவான ஒரு சோதனை செய்தனர். தி ஹேகு நகரை அடுத்த டெல்ஃப்லாந்துக் கரையில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக இடுவதற்குப் பதிலாக, ஒரே இடத்தில் 2 கோடியே 15 இலட்சம் கன மீட்டர் மணலைக் கொட்டினர். கொக்கி வடிவில் ஒரு கிலோமீட்டர் கடலுக்குள் நீண்ட செயற்கை முனை அது. மணல் எந்திரம் என்று அதற்குப் பெயர். டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மார்சல் ஸ்டீவ் இக்கருத்துக்கு மூலவர்களுள் ஒருவர். அலையும் காற்றும் அந்த முனையை ஆண்டாண்டாகக் கரைத்து, இருபுறமும் உள்ள கரைக்கும் பின்னால் உள்ள மேட்டுக்கும் பங்கிட்டுக் கொடுக்கின்றன. முனை தேய்வதே அதன் வேலை. கூலியாட்களைக் கொண்டு செய்ய வேண்டியதைக் கடலைக் கொண்டே செய்விக்கும் இந்தச் சூழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. அதன் முழுப்பயனையும் எடைபோட நெடுங்காலம் அளந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதை அவர்களே சொல்லித்தான் தொடங்கினர்.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே டுவீட் ஆற்று முகத்துவாரத்தின் சுவர்களை 1960களில் நீட்டியதனால், வடக்கேயுள்ள கூலங்கட்டா, கிரா கரைகள் கரைந்தன. 2001 முதல், தென்புறத்தில் கடலுக்குள் கட்டிய ஒரு பாலத்திலிருந்து எந்திரங்கள் மணலை உறிஞ்சி, ஆற்றுக்கடியில் செல்லும் குழாய் வழியே வடகரைக்கு அனுப்புகின்றன. புதிதாய் மணல் ஒன்றும் வேண்டியதில்லை. மறித்த ஊர்வலத்தை மறுபக்கம் சேர்ப்பதோடு சரி. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நூற்றுக்கு நூறு பொருந்தும் முறை இது. நம் விசாகப்பட்டினத்திலும் துறைமுகத்தின் தென்புறத்தில் மணல் தங்குவதற்கென்றே ஒரு பள்ளம் அமைத்து, அதில் விழுந்ததை வாரி வடக்கேயுள்ள நகரக் கடற்கரைக்கு அனுப்பி வருகின்றனர்.

புதுச்சேரியிலும் நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் வகுத்த திட்டப்படி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் ஆப்பு வடிவான ஓர் எஃகுத் திட்டை 2018இல் அமர்த்தினர். அது அலையை முன்னரே உடைத்து மணல் தங்க இடம் செய்கிறது. முகத்துவாரத்தில் வாரிய மணலையும் கரையில் சேர்த்தனர். ஒரு தலைமுறைக் காலம் பாறை மட்டுமே இருந்த இடத்தில் மீண்டும் மணற்கரை தோன்றியது. மக்கள் இறங்கி நடந்தனர். இதில் எஃகுத் திட்டையே பலரும் புகழ்கின்றனர். என் கருத்தில், இடையறாமல் மணல் வராவிடின் திட்டை மட்டும் பயன்படாது. தட்டை எவ்வளவு நன்றாக வனைந்தாலும் சோறு இடவேண்டுமல்லவா?

இம்முறைமேல் கூறும் குறைகளையும் மறைக்கலாகாது. மணல் ஊட்டுதல் ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பச் செய்யவேண்டும். கல்லுக்கு ஒதுக்கிய பணம் கண்ணுக்குத் தெரியும். மணலுக்கு ஒதுக்கிய பணம் தெரியாது. ஆதலின் ஆள்வோர்க்கு இதில் ஆர்வம் குறைவு. எடுக்கும் இடத்திலும் இடும் இடத்திலும் மணலுக்குள் வாழும் மட்டிகளும் புழுக்களும் சிறு நண்டுகளும் மடிகின்றன. அவை மீண்டும் பெருகக் காலம் வேண்டும். நம் கரைக்குத் தை, மாசி, பங்குனி மாதங்களில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் அப்போது எந்திரமும் குழாயும் நிற்கும் கரையில் ஏறமாட்டா. புது மணல் மிகவும் இறுகிக் கிடந்தால் அவற்றால் குழி தோண்டவும் இயலாது. ஆகவே ஆமைப் பருவத்திலும், குஞ்சு பொரிக்கும் நாட்களிலும் வேலையை நிறுத்தி வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்றுண்டு. நாம் ஒருபக்கம் ஊட்டிக்கொண்டே மறுபக்கம் பறிக்கிறோம். 1934இல் மேட்டூர் அணை எழுந்தது முதல், காவிரி கொணர்ந்த மணலின் ஒரு பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தப்பியதை ஆற்றுப்படுகையிலேயே வாரிக் கட்டடத்துக்கு அனுப்பிவிடுகிறோம். கடல்மட்டமோ ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்துகொண்டிருக்கிறது. இந்தியக் கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாக 1990 முதல் 2018 வரையிலான படங்களை ஒப்பிட்டு அளந்த அரசு ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். இதற்கிடையே, அழகுபடுத்துகிறோம் என்று மேட்டைச் சமன்செய்து, அடம்பைக் குப்பையென்று கருதிக் கொத்தி எறிந்து, அங்கே நடைபாதையும் விளக்குக் கம்பமும் நிறுத்துவதைப் பல ஊர்களில் காண்கிறேன். சவுக்கு நடுவதற்காக மேட்டை நிரவுவதும் அத்தகையதே. சவுக்கு காற்றைத் தடுக்கும், விறகுக்கும் ஆகும், மறுப்பதற்கில்லை. அதன் சருகு மூடிய தரையில் அடம்பு முளைப்பதில்லை. மேட்டுக்குப் பின்னே சவுக்கு நிற்கட்டும். கடலை நோக்கிய முகத்தைக் கொடிக்கும் புல்லுக்கும் விட்டுவிடலாம்.

மணல் இட்டதும் அது காற்றில் பறந்து ஊருக்குள் போகாமல் மேடாகத் தங்க வழிசெய்ய வேண்டும். அலைவாய்க்கு இணையாக, அலை எட்டாத தொலைவில், பனையோலையாலோ மூங்கிற் பிளாச்சாலோ முழங்கால் உயர வேலி ஒன்று நட்டால் போதும். பாதி அடைப்பும் பாதி இடைவெளியுமாக இருக்கவேண்டும். முழுவதும் அடைத்த வேலியைக் காற்று சுற்றிக்கொண்டு போய்விடும். வேலியடியில் மணல் சேர்ந்ததும் மழை ஈரம் உள்ள நாட்களில் அடம்பந்தண்டை ஒரு முழ நீளமாக நறுக்கி, இரண்டு கணுக்கள் உள்ளே போகுமாறு புதைக்கலாம். நாற்றங்கால் தேவையில்லை, விதைக்குக் காசும் தேவையில்லை. இராவணன் மீசையின் வேர்த்தூரைப் பெயர்த்து இடையிடையே வைக்கலாம். படகு இறங்கும் வழிகளை மட்டும் ஊராரைக் கேட்டு முன்னதாகவே விட்டுவிட வேண்டும். அவ்வழியைக் கடலுக்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்வாக வைத்தால் புயல்நீர் அதன் வழியே நுழைவது குறையும். முதல் ஆண்டு முழுவதும் ஆடுமாடும் வண்டியும் மிதிக்காதபடி கயிறு கட்டிக் காத்துவர வேண்டும்.